ஓடிப்போகாத போதகர்: அமெரிக்கத் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் சபைக் குழுவினருக்கும்,

ஸ்தோத்திரம்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் நம் பிள்ளைகள் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பள்ளியில் படித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். நம் ஆலயங்களிலோ அந்த மாதத்தின் ஞாயிறுகள் வழக்கம்போலவே கழிந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றை அருள்திரு ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த்துக்குக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். மார்ட்டின் லூதர் கிங்கை எல்லோரும் அறிவோம். 1963இல் பர்மிங்ஹாமுக்கு வந்தே ஆக வேண்டும் என்று அவரை வற்புறுத்தி அழைத்த போதகரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில், பெத்தேல் பாப்டிஸ்ட் சபைக்கு ஷட்டில்ஸ்வொர்த் 1953இல் போதகரானார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சீட்டாடுவதைக்கூடச் சட்டம் போட்டுத் தடுத்திருந்த ஊர் அது. 1956 ஜூன் மாதம், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு அலபாமாவில் இயங்கக் கூடாது என்று தடை வந்தது. நான்கே நாளில் மனித உரிமைகளுக்கான அலபாமா கிறிஸ்தவ இயக்கத்தை அவர் தொடங்கிவிட்டார். திங்கட்கிழமை இரவுகளில் ஏதாவதொரு ஆலயத்தில் அதன் கூட்டம் நடக்கும். ஜெபம், பாட்டு, பிரசங்கம், காணிக்கை எல்லாம் உண்டு. "சபைக்குள் அரசியல் வேண்டாம்" என்று நம்மிடையே அடிக்கடி கேட்கும் பேச்சை, அந்தத் திங்கட்கிழமைகளை மனத்தில் வைத்து ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் இரவை மட்டுமாவது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி இருக்கை என்ற முறையை மீறி நகரப் பேருந்துகளில் ஏறுவதென்று மறுநாளுக்குத் திட்டம். இரவு அவர் கட்டிலில் படுத்திருக்கும்போது போதகர் இல்லத்தில் டைனமைட் வெடித்தது. வீடு சிதைந்துபோனது. இடிபாட்டுக்குள்ளிருந்து அவர் எழுந்து நடந்து வந்தார். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலோடு உறவுள்ள ஒரு போலீஸ்காரர், சீக்கிரம் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று அவரிடம் சொன்னார். வேலியே பயிரை மேய்ந்த காலம் அது. தம்மைக் கர்த்தர் காப்பாற்றியது ஓடிப்போவதற்காக இல்லை என்று பதில் சொல்லிவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறினார். அவரோடு ஏறியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

1957 செப்டம்பரில், வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமே இடமிருந்த ஃபிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கத் தம் மகள்களை அழைத்துப் போனார். கும்பல் அவரைச் சங்கிலியால் அடித்தது. மனைவி ரூபிக்கு இடுப்பில் கத்திக்குத்து. இத்தனை அடிபட்டும் மண்டைக்குள் பாதிப்பு இல்லையே என்று மருத்துவர் வியந்தபோது, நான் இருப்பது கடினமான ஊர் என்று கர்த்தருக்குத் தெரியும், அதனால்தான் கடினமான மண்டையைக் கொடுத்திருக்கிறார் என்றாராம். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1958இல் ஆலயத்தருகே மீண்டும் குண்டு வைத்தார்கள். இரவுக் காவலிருந்த சபையார் அதைத் தூக்கி நடுத்தெருவில் வைத்ததால் ஆலயம் தப்பியது. 1962இல் மூன்றாம் குண்டு. அதற்குள் அவர் சின்சினாட்டியில் ஒரு சபைக்கு மாறியிருந்தார். ஆனாலும் பர்மிங்ஹாம் போராட்டத்துக்கு வந்துகொண்டே இருந்தார். 1963 மே மாதம் போராட்டக்காரர்கள்மீது பாய்ச்சிய தீயணைப்புக் குழாயின் நீர் அவரைச் சுவரில் மோத வைத்தது. 2011இல், தம் 89ஆம் வயதில் மறைந்தார். பர்மிங்ஹாம் விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

நமக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் இங்கே குடியேற முடிந்தது. கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டம் இனப் பாகுபாட்டைத் தலைகுனிய வைத்த அந்தக் காலத்தில்தான், 1965 அக்டோபரில், நாட்டு வாரியான அந்தப் பழைய ஒதுக்கீடும் ஒழிந்தது. நம் சபைப் பதிவேடுகளில் உள்ள பெயர்களில் பெரும்பாலானவை அந்தக் கதவு திறந்த பின் வந்தவை. கதவைத் தள்ளியவர்களில் ஒருவரான இவரின் பெயர்கூட நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஞாயிறு பள்ளியில் ஒரு பாடம் வையுங்கள். ஆராதனையில் அவர் பெயரைச் சொல்லி நன்றி செலுத்துங்கள். அட்லாண்டாவிலும் அதைச் சுற்றியும் உள்ள சபைகள் இன்னும் ஓரடி எடுத்து வைக்கலாம்: பெத்தேலின் பழைய ஆலயம் இன்றும் பர்மிங்ஹாமில் நிற்கிறது, இரண்டரை மணி நேரப் பயணம்தான். ஒரு சனிக்கிழமைக்குப் பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். என் வீட்டிலிருந்து நான்கு பேரை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையார் ஒருவர்,
அட்லாண்டா