கதைகளில் மட்டும் எங்கள் பிள்ளைகள் ஏன் கெட்டுப்போகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் வந்த இளையோர் சிறுகதைப் போட்டி அறிவிப்பைத் தரம் 10 வகுப்பில் வாசித்துக் காட்டினேன். 'புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள்' என்பது தலைப்பு. நான் வாசித்து முடிக்கவில்லை, பின் வரிசை வாங்கிலிருந்து ஒருவன், "அது கனடாக்காரங்களுக்கு டீச்சர், நமக்கில்ல" என்றான். சொன்னவனுடைய அம்மா ஜோர்தானில் இருக்கிறார். பக்கத்தில் இருந்தவனுடைய அப்பா கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும்தான் வருவார்.

அவனைக் குறை சொல்ல முடியாது. இந்தத் தலைப்பில் அவன் பார்த்த கதைகளில் ஸ்னோ கொட்டும், வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமுமாகப் பிள்ளை தவிக்கும். ஆனால் எங்கள் மலையகத் தோட்டத்து ஆட்களைப் போல் இடம் மாறியவர்கள் யார்? 1820களில் தொடங்கி, தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து வந்தவர்கள். 1948இல் குடியுரிமை போனது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்து வைத்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி கோத்தகிரியில் என்று குடும்பங்கள் பிரிந்தன. 1977, 1983 இனக்கலவரங்களில் அடி வாங்கி வவுனியா, கிளிநொச்சி பக்கம் போனவர்கள் எத்தனையோ பேர். இப்போது வளைகுடாவும் கொழும்பும். இதெல்லாம் கதையாக வரவில்லை என்று சொல்ல மாட்டேன், நிறையவே வந்திருக்கிறது. அதில் 15 வயதுப் பிள்ளைக்கு என்ன இடம் என்பதுதான் என் கேள்வி.

அம்மா வெளிநாடு போன கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா போவாள். அப்பா குடிப்பான். மகன் படிப்பை விடுவான். மகள் ஆட்டோக்காரனோடு ஓடுவாள். கடைசியில் அம்மா கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கித் தலையில் அடித்துக்கொள்வாள், இல்லாவிட்டால் பெட்டியில் வந்து சேர்வாள். இப்படி நடக்காமல் இல்லை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப இதையே எழுதினால்? இப்படியான ஒரு கதையை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், அம்மா போனா நாங்க கெட்டுத்தான் போகணுமா? எங்கம்மா போயி ஆறு வருஷமாச்சு, எனக்கு இன்னும் கெட்டுப்போக நேரம் கெடைக்கலயே."

வகுப்பே சிரித்தது. ஆனால் அவளுக்கு உண்மையிலேயே நேரம் கிடைப்பதில்லை. விடிய முன் எழும்பி ரொட்டி சுட்டு, தம்பியை வெளிக்கிடுத்தி, பாட்டிக்குப் பிரஷர் குளிசை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருகிறாள். (சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன், பிள்ளை பத்திரிகை வாசிக்கிறவள்.) மாதம் ஒருமுறை பாட்டியோடு பேங்குக்குப் போய்ப் படிவம் நிரப்புவது அவள். வந்த காசைக் கடைக் கடன், டியூஷன், சீட்டு என்று பிரித்து, அப்பா கண்ணில் படாமல் ஒரு பங்கைப் பால்மா டின்னுக்குள் போட்டு வைப்பதும் அவள்தான். பின்னேரம் சிக்னலுக்காகக் கோயில் மேட்டுக்கு ஏறி, அம்மா அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டுப் பதில் போடுவாள். தம்பி மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டதைக் கட்டு அவிழ்த்த பிறகுதான் சொன்னாளாம். அம்மாவும் அந்தப் பக்கம் சாப்பிட்டாச்சு, தூங்கியாச்சு, மேடம் நல்லவங்க என்றுதான் சொல்வார். இரண்டு பேரும் மறைக்கிறார்கள், மறைக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு முழு நாவலுக்கு இது போதாதா?

இன்னொருவன் தரம் 9. சிங்களம் நன்றாக வரும். அவனுடைய லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வரும் கடிதம் எல்லாம் முதலில் அவன் கைக்குத்தான் போகும். தமிழ் அரச கரும மொழியாகிப் பல வருடம், நுவரெலியா மாவட்டத்தில் நிர்வாகமே இரு மொழியில் நடக்க வேண்டும். ஆனாலும் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. யாருடைய அடகு நகை ஏலத்துக்குப் போகிறது, யாருடைய மகன் பெயரில் வழக்கு, எல்லாம் 14 வயதில் அவனுக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவும் முடியாது. லண்டனிலும் டொரொண்டோவிலும் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் தாய்க்கு மொழிபெயர்ப்பதை ஆங்கிலத்தில் பதின்ம வயதினருக்கான நாவலாக எழுதுகிறார்கள். இவனும் அதே வேலையைத்தான் செய்கிறான்.

2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடியாது என்று. 2022இல் டொலர் இல்லாத நேரத்தில் அதை 2 வயதாகக் குறைத்தார்கள். சரி, கைக்குழந்தையைப் பற்றி அரசாங்கம் யோசிக்கட்டும். 14 வயதுப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. கதையிலும் இல்லையென்றால் எங்கேதான் கேட்பது?

என் அம்மாவும் குவைத் போனவர். எனக்கு அப்போது 13. போன் ஏது? கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். முதல் பக்கம் முழுக்க எல்லோருக்கும் புத்திமதி. இரண்டாம் பக்கத்துக் கடைசியில் பேச ஒன்றும் இல்லாமல், ஏசி ஓடுகிற சத்தமும் யாரோ அரபியில் கூப்பிடுகிற சத்தமும் மட்டும் பதிவாகியிருக்கும். நான் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். கோபமும் இருந்தது. அவர் வாங்கி வந்த சப்பாத்தைப் போடவே மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டு, கீழ் லயத்துப் பிள்ளைகள் பார்க்கிற நேரத்தில் மட்டும் போட்டுக்கொண்டு நடந்தேன். இந்த மாதிரி அற்பத்தனத்தை எல்லாம் எழுதினால்தான் பிள்ளைகள் நம்புவார்கள். அந்தக் காலத்தில் அம்மாவை அனுப்பிவிட்டு வளர்ந்தவர்கள் இன்று ஆசிரியர்களாக, பேங்கில், அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிறார்கள். எழுத வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். எங்கள் மாணவிகள் போனில் பிரதிலிபி என்ற கதைச் செயலியில் அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கிறார்கள், அதுவும் ஓ.எல். பரீட்சை எழுதும் வருடத்தில். பெரும்பாலும் சென்னைப் பணக்கார வீட்டுக் காதல். வாசிக்கட்டும், நானும் மாத நாவலைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்து வாசித்தவள்தான். பாடசாலை நூலக அலுமாரியைத் திறந்தால் நீதிக்கதைகள், சான்றோர் வரலாறு, வினாவிடை. சிங்களத்தில் 'நவ யொவுன்' என்று இந்த வயதுக்காரருக்குத் தனி வகையே வைத்திருக்கிறார்கள். தமிழில் எனக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். சென்னையில் 200 இந்திய ரூபா புத்தகம் இங்கே 700 இலங்கை ரூபாவைத் தாண்டுகிறது, அது தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பாட்டிக்குக் கிட்டத்தட்ட அரை நாள் சம்பளம்.

இளையோர் கதைப் போட்டி என்றாலும், எழுதுகிறவர்களுக்கு வயதெல்லை வைக்காதது நல்ல விஷயம். ஆனால் மூன்றாம் விதி, 'கதை மாணவர்க்கு நற்கருத்தை வலியுறுத்துவதாக அமைய வேண்டும்' என்கிறது. தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள். இந்த விதி இருக்கும் வரை, கடைசிப் பந்தியில் ஒரு ஆசிரியரோ சாமியாரோ வந்து பிள்ளையைத் திருத்திவிட்டுப் போவார். கதையில் பிள்ளை தானே முடிவெடுக்க வேண்டும், பிழையாக எடுத்தாலும் சரி. பெற்றோர் குறை சொல்வார்கள் என்று பயப்படுவீர்கள், அதுவும் காதல் கீதல் வந்துவிட்டால். எங்கள் பாடசாலையிலும் அந்தப் பேச்சு வரும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நடுவர்களில் இரண்டு பேராவது 16, 17 வயதுக்காரர்களாக இருந்தால் இன்னும் நல்லது. எது பொய்க்கதை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம். அறிவிப்பில் மின்னஞ்சல் முகவரி மட்டும்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் கொப்பியில் எழுதுகிறவர்கள். வகுப்பில் மூன்று பேர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள், அந்தப் பின் வாங்குக்காரன் உட்பட. கையெழுத்துப் பிரதியை ஏற்பீர்களா, ஏற்பதானால் எந்த முகவரிக்குத் தபாலில் போடுவது என்பதை அடுத்த வார இதழில் அறிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை,
பொகவந்தலாவை