இருநூறு சுற்று எதற்கு என்று கேட்டாயே

கதிர்,

போனில் நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. "இடது பக்கமே திரும்பித் திரும்பி இருநூறு சுற்று, இதற்கு டிக்கெட் வேறயாப்பா?" என்றாய். அப்போது பதில் வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

நேற்று மறுபடி இங்கே ஃபுளோரிடாவில் இருக்கும் டேடோனா கார் பந்தயத் திடலுக்குப் போனேன். போன பிப்ரவரியில் ஜெயித்த காரைக் கழுவக்கூட இல்லை, நசுங்கல், ரப்பர் கறை, ஒட்டிக்கொண்ட வண்ணக் காகிதத் துண்டுகள் எல்லாம் அப்படியே இருக்க, ஒரு வருடம் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஓடுபாதையின் வளைவுகளையும் பார்த்தேன். 31 டிகிரி சாய்வு, வீட்டுக் கூரை மாதிரி நிற்கிறது. அதற்கு மண் தோண்டிய பள்ளம்தான் நடுவில் ஏரியாகக் கிடக்கிறது.

1958 வரை இங்கே கடற்கரை மணலில்தான் பந்தயம். நாஸ்கார் என்ற கார் பந்தய அமைப்பைத் தொடங்கிய பில் பிரான்ஸ் இந்தத் திடலைக் கட்டி 1959-ல் முதல் டேடோனா 500 நடத்தினார், நீ சிரித்த அந்த இருநூறு சுற்றும் சேர்ந்து 500 மைல். கடைசியில் லீ பெட்டியும் ஜானி போஷாமும் ஒட்டி வந்ததில் முதலில் போஷாம்தான் ஜெயித்தார் என்று சொல்லிவிட்டு, படங்களை அலசி, மூன்று நாள் கழித்து லீ பெட்டி என்று மாற்றினார்கள். அதே பந்தயத்தில் அவர் மகன் ரிச்சர்டும் ஓடினார், இன்ஜின் போய்விட்டது. பிறகு ரிச்சர்ட் இதே பந்தயத்தை ஏழு முறை ஜெயித்தார், அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தொடவில்லை.

1979 பற்றி ஊரே பேசும்: வெளியே பனிப்புயல், ஜனங்கள் வீட்டில் அடைபட்டு டிவி முன்னால், முன்னணியில் இருந்த இருவரும் கடைசிச் சுற்றில் மோதிக்கொண்டு இறங்கிச் சண்டை போட, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி தட்டிக்கொண்டு போனார். சரி, நல்ல கூத்துதான். எனக்கென்னவோ 1988-தான். ஐம்பது வயது பாபி ஆலிசன் முதலில், அவர் மகன் டேவி அடுத்து. அந்த வருடமே வேறொரு பந்தயத்தில் அடிபட்டு, பாபிக்கு டேடோனாவில் ஜெயித்த அந்த நாள் நினைவிலிருந்தே போய்விட்டது. மகன் பின்னாலேயே வந்தது ஊருக்கெல்லாம் நினைவிருந்தது, அவருக்கு மட்டும் இல்லை. டேவி 1992-ல் தானும் ஜெயித்தார், மறு வருடம் ஹெலிகாப்டர் விபத்தில் போய்விட்டார். இதை எழுதும்போது கொஞ்சம் நிறுத்தித்தான் எழுதினேன்.

டேல் ஏர்ன்ஹார்ட் ஏழு முறை நாஸ்கார் சாம்பியன் ஆனவர், ஆனால் டேடோனா 500 மட்டும் பத்தொன்பது தடவை கைநழுவியது. 1998-ல் ஒரு சின்னப் பெண் கொடுத்த ஒரு சென்ட் காசைக் காரின் டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டு ஓடினார், கிடைத்துவிட்டது. எதிரணி மெக்கானிக்குகள்கூட வரிசையில் நின்று கை கொடுத்தார்கள்.

பிப்ரவரியில் நாலு நாள் லீவு கிடைக்குமா என்று பார். சத்தம் காதைப் பிளக்கும், காதடைப்பான் உனக்கும் சேர்த்தே வாங்கிவிட்டேன். அம்மா புளியோதரை கட்டித் தருகிறாளாம்.

அப்பா