ஓவர்ச்சர் யாருக்காக வாசிக்கப்படுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிராட்வே மியூசிக்கல்கள் (நியூயார்க் அரங்குகளின் இசை நாடகங்கள்) பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படிக்க உட்கார்ந்தேன். தமிழில் இந்தக் கலையைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. ஆனால் மூன்றாம் பக்கத்தில், தாமதமாக வருகிறவர்கள் இருக்கையைத் தேடி உட்காருவதற்காகவே அந்தக் காலத்தில் ஓவர்ச்சர் (பாட்டுகளின் மெட்டுகளைக் கோத்து ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் தொடக்க இசை) வாசித்தார்கள், இன்றைய மியூசிக்கலுக்கு அது தேவையில்லை என்று ஒரு வரி. அதற்கு மேல் நிதானமாகப் படிக்க என்னால் முடியவில்லை.

அமெச்சூர் நாடகக் குழு ஒன்றின் ஆர்கெஸ்ட்ரா பிட்டில் (மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில்) பல ஆண்டுகள் இரண்டாம் வயலின் வாசித்தவன் நான். அரங்க விளக்குகள் பாதி தணிந்ததும், ஸ்டாண்டில் கவ்வியிருக்கும் சின்ன விளக்கின் வெளிச்சம் நோட்டுத் தாளில் மட்டும் விழும். இசை நடத்துநர் கோலை உயர்த்தும்வரை முன்வரிசைப் பேச்சு ஓயாது. பித்தளை வாத்தியங்கள் முதல் சுரங்களை ஊதியதும் அந்தப் பேச்சு சட்டென்று அறுபடும். தலையைத் திருப்பாமலே எங்களுக்கு அது தெரிந்துவிடும். ஒரு தயாரிப்பில் நான்கைந்து நிமிடம் மிச்சமாகும் என்று இயக்குநர் ஓவர்ச்சரை வெட்டிவிட்டார். இருக்கை தேடுகிறவர்கள் அதனால் சீக்கிரம் வந்துவிடவில்லை. முதல் பாட்டு பாதி முடியும்வரை டார்ச் விளக்கும் மன்னிப்புக் கேட்கும் குரல்களுமாக இருந்தது. திறப்புப் பாடலைப் பாடிய பெண் ஒத்திகையில் எங்களையே கலங்க வைத்தவர். அவருடைய முதல் சரணம் ஒருவர் காதிலும் விழவில்லை. பாடிவிட்டு உள்ளே போகத் திரும்பியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதைப் பிட்டிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். கட்டுரையாளருக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

‘ஜிப்சி’ மியூசிக்கலின் ஓவர்ச்சர் தாங்கள் அறியாததல்ல. 1959-இல் ஜூல் ஸ்டைன் மெட்டுகளை வைத்து சிட் ராமினும் ராபர்ட் கின்ஸ்லரும் ஆர்கெஸ்ட்ரேஷன் செய்தது, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதியது. ஒரு தாயின் வெறி பிடித்த கனவு அதன் தொடக்கச் சுரங்களிலேயே வந்துவிடுகிறது. பின்னால் மெல்லிய காதல் மெட்டுகள். அதன்பின் பர்லெஸ்க் என்ற கவர்ச்சி ஆட்ட மேடையின் சூட்டோடு ட்ரம்பெட் இழுத்து இழுத்து ஊதும் இடம். கதை எங்கே போகப்போகிறது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். பெர்ன்ஸ்டைனின் ‘கான்டீட்’ 1956-இல் பிராட்வேயில் தொடங்கி 73 காட்சிகளோடு மூடப்பட்டது. அதன் ஓவர்ச்சரோ இன்றுவரை உலகத்தின் சிம்பனி மேடைகளில் ஒலிக்கிறது. இவற்றை எழுதியவர்களும் வாசித்தவர்களும் இருக்கை தேடுகிறவர்களுக்குப் பின்னணி போட்டார்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது?

‘கேரசல்’ ஓவர்ச்சர் இல்லாமலே வெற்றி பெற்றது என்பது கட்டுரையின் பெரிய சான்று. 1945-இல் அதன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ரோஜர்ஸ் வழக்கமான ஓவர்ச்சரை விட்டார், உண்மைதான். அந்த இடத்தில் முழு வால்ட்ஸ் (சுழன்றாடும் நடன இசை) ஒன்றை வைத்து, திரையைத் தூக்கி, நடிகர்களை வாய் திறக்காமல் நடிக்கவிட்டார். பல நிமிடங்கள் ஆர்கெஸ்ட்ரா மட்டுமே பேசுகிறது. இசையை மக்கள் கவனித்துக் கேட்க வேண்டும் என்று பாடுபட்டவரை, இசை தேவையில்லை என்பதற்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள்.

எல்லா மியூசிக்கலுக்கும் ஓவர்ச்சர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘எ கோரஸ் லைன்’ நேராக ஆடிஷனின் நடுவில் திறக்க வேண்டும். ‘கேபரே’க்கு அந்த டிரம் உருட்டலும் சிம்பலும் போதும். ‘ஹாமில்டன்’ தன் முதல் பாட்டிலேயே எல்லோரையும் அறிமுகப்படுத்திவிடுகிறது. ஆனால் ‘விக்கெட்’? அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மெட்டின் முதல் ஏழு சுரங்களை, ஹரால்ட் ஆர்லன் 1939-இல் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்துக்குப் போட்ட வானவில் பாட்டிலிருந்து எடுத்து, தாளத்தை மாற்றி ஒளித்து வைத்தார் அதன் இசையமைப்பாளர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். எத்தனை பேர் காதில் அது விழுகிறது? நிமிர்ந்து உட்காருவதற்குள் கூட்டம் பாட வந்துவிடுகிறது. அந்த ஏழு சுரங்களை முதலில் ஒற்றை ஓபோவில் கேட்கவிட்டு, பிறகு தந்திக் கருவிகளுக்குக் கொடுத்திருந்தால், இரண்டு மணி நேரம் கழித்து அது வரும்போது அரங்கம் முழுவதும் அடையாளம் கண்டிருக்கும்.

‘லே மிசராப்ல்’ எனக்கு இன்னும் பெரிய குறை. ஃபான்டீன் சாகும்போது பாடும் மெட்டைத்தான் பின்னால் எப்போனீன் தனியாக நடந்தபடி பாடுகிறாள். வறுமையில் அழிந்தவளையும் காதலில் அழிகிறவளையும் ஒரே மெட்டு கட்டிப்போடுகிறது. ஐந்து நிமிட ஓவர்ச்சர் இருந்திருந்தால் அந்தக் கட்டு முதலிலேயே காதில் விழுந்திருக்கும். இருப்பதோ சில நொடி முழக்கம், உடனே கைதிகள். அது லண்டனுக்கு வந்ததற்கு அடுத்த ஆண்டே, 1986-இல், அதே லண்டனில் ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓப்ரா’ வழி காட்டியது. முதலில் ஏலக் காட்சி. எல்லோரும் உட்கார்ந்து அடங்கியபின் சரவிளக்கு மேலே எழ, அப்போது ஆர்கன் இடியோடு ஓவர்ச்சர். அந்த இடத்தில் யாரும் இருக்கை தேடுவதில்லை.

உண்மையான காரணம் பணம். கட்டுரை அதைத் தொடவே இல்லை. 2003 மார்ச்சில் பிராட்வே வாத்தியக்காரர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய அரங்குகளில் குறைந்தபட்சம் 24 முதல் 26 பேர் என்றிருந்த கணக்கு, அதன் முடிவில் 18, 19 ஆக இறங்கியது. ஆள் குறைந்த ஆர்கெஸ்ட்ராவைத் தனியாகக் கேட்கவிட எந்தத் தயாரிப்பாளருக்கு மனம் வரும்? சில இடங்களில் வாத்தியக்காரர்களை வேறு அறையில் அடைத்து, நடத்துநரைத் திரையில் காட்டுகிறார்கள். 2008-இல் லிங்கன் சென்டரின் ‘சவுத் பசிஃபிக்’ மறுதயாரிப்பில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஓவர்ச்சரின் நடுவே மேடைத்தளம் பின்னால் நகர, கீழே 30 வாத்தியக்காரர்கள் தெரிந்தார்கள். ஒரு நடிகர் மேடைக்கு வருமுன்பே கைதட்டல் எழுந்தது. தேவையில்லாத ஒன்றுக்கா தட்டினார்கள்?

இன்னொரு மனக்குறையும் உண்டு. தங்கள் இதழில் இதுவரை வந்த மியூசிக்கல் விமர்சனங்கள் எதிலும் ஆர்கெஸ்ட்ரேஷன் செய்தவர் பெயரை நான் பார்த்ததில்லை. உடை தைத்தவருக்கும் விளக்கு அமைத்தவருக்கும் இடம் இருக்கிறது. பிராட்வேயில் பெரும்பாலான ஓவர்ச்சர்களைக் கோத்தவர்கள் மெட்டுப் போட்டவர்கள் அல்ல, இந்த மனிதர்கள்தான். வெளியூர் முன்னோட்டங்களில் எந்தப் பாட்டு தங்கும், எது போகும் என்று தெரியும்வரை காத்திருந்து, கடைசி நாட்களில் இரவு விழித்து எழுதினார்கள். ராபர்ட் ரஸல் பென்னட் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘மை ஃபேர் லேடி’யைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியதை நெடுநாள் வாசகனாகப் பொறுத்துக்கொண்டேன். இந்த முறை முடியவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. ‘கேரசல்’ பற்றிய தகவலை அடுத்த இதழில் இரண்டு வரியில் திருத்துங்கள். இனி விமர்சனங்களோடு போடும் பெட்டிச் செய்தியில், இசையமைப்பாளர் பெயருக்குக் கீழே ஆர்கெஸ்ட்ரேஷன் செய்தவர் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்