ஒரு கவுண்ட்டுக்கு எத்தனை டிகிரி? ஷூட்டர் கேம் உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதல்-நபர் ஷூட்டர் கேம்களை உருவாக்கும் குழுக்களுக்கு,

வணக்கம். உங்கள் கேமின் செட்டிங்ஸில் ‘மவுஸ் சென்சிட்டிவிட்டி’ என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. பக்கத்தில் 1 என்றோ 5 என்றோ 50 என்றோ ஓர் எண். அது எதை அளக்கும் எண் என்று எங்கேயும் எழுதியிருப்பதில்லை. மவுஸ் ஒரு கவுண்ட் (மவுஸ் கணினிக்குச் சொல்லும் மிகச் சிறிய நகர்வு) நகர்ந்தால் பார்வை எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். இந்த மடல் முக்கியமாகக் கேட்பது அதைத்தான்.

கை பழகுவது எண்ணுக்கு அல்ல, தூரத்துக்கு. ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை எத்தனை சென்டிமீட்டர் இழுக்க வேண்டும் என்பதுதான் விளையாடுபவரின் தோளிலும் மணிக்கட்டிலும் பதிந்திருக்கிறது. கேம் மாறினாலும் அந்தத் தூரம் மாறக் கூடாது. இப்போது நடப்பதைப் பாருங்கள். 800 டிபிஐ மவுஸ் (ஓர் அங்குலம் நகர்த்தினால் 800 கவுண்ட்), எல்லாக் கேமிலும் சென்ஸ் (சென்சிட்டிவிட்டி) 1. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் முழுச் சுற்றுக்கு 52 செ.மீ. வாலரண்ட்டில் 16.3 செ.மீ. ஓவர்வாட்ச் 2-இல் 173 செ.மீ. மூன்றிலும் திரையில் தெரிவது அதே ‘1’.

காரணம் எளிது. ஒரு கவுண்ட்டுக்கு கவுன்டர்-ஸ்ட்ரைக் 0.022 டிகிரி திருப்புகிறது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் அதேதான்; அதனால் இந்த இரண்டுக்கும் நடுவே எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் போதும். வாலரண்ட்டில் 0.07, ஓவர்வாட்சில் 0.0066. இந்த எண் தெரிந்துவிட்டால் மிச்சம் பள்ளிக்கூடக் கணக்கு: 360 ÷ (சென்ஸ் 1-இல் ஒரு கவுண்ட்டுக்கான டிகிரி × சென்ஸ் × டிபிஐ) × 2.54. விடை சென்டிமீட்டரில் வரும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 1 வைத்திருப்பவருக்கு வாலரண்ட்டில் 0.314, ஓவர்வாட்சில் 3.33.

எண்ணை நீங்கள் சொல்லாதபோது அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். சுவரின் ஒரு மூலையில் கிராஸ்ஹேரை (திரை நடுவில் இருக்கும் குறிவைக்கும் புள்ளி) வைத்து, ஸ்கேலை ஒட்டி மவுஸை இழுத்து, அதே மூலைக்குத் திரும்பும் வரை அளப்பார்கள். ஆனால் 52 செ.மீ. சுற்றுக்குப் பல மவுஸ்பேடுகளில் இடம் பற்றாது. நடுவில் தூக்கி வைத்தாக வேண்டும். தூக்கும்போதும் வைக்கும்போதும் சென்சார் கொஞ்சம் படித்துவிடும், அளவு கெட்டுவிடும். கவுண்ட்டுகளை எண்ணி அனுப்பும் ஸ்கிரிப்ட் வைத்து அளப்பது துல்லியமானது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சென்ஸ் 1-க்கு 16,364 கவுண்ட் அனுப்பினால் பார்வை புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். இதை ஆன்லைன் போட்டிக் கேமில் ஓட்டினால் ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் சந்தேகப்படலாம். உங்கள் கோடில் ஒரே வரியில் இருக்கிற எண்ணுக்காக ஒருவர் அக்கவுண்ட்டைப் பணயம் வைப்பது நியாயமா?

அடுத்தது ஸ்லைடரின் படிகள். முழு எண் மட்டும் ஏற்கும் ஸ்லைடரில் 5-இலிருந்து 6-க்குப் போவது 20 சதவீதத் தாவல். 5-இல் 60 செ.மீ. என்றால் 6-இல் 50. 55 வேண்டியவருக்கு அங்கே இடமே இல்லை. ரெயின்போ சிக்ஸ் சீஜில் இதற்காகவே பலர் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து, 0.02 என்றிருக்கும் பெருக்கியைக் குறைத்து எழுதுகிறார்கள். மூன்று தசம இடம் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி கொடுத்தால் இந்த வேலையே மிச்சம். இரண்டு இடம் போதாதா என்றால், 0.314-ஐ 0.31 என்று வெட்டினாலே சுற்றுக்கு 7 மி.மீ. கூடிவிடுகிறது.

ஸ்கோப் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். ஜூம் செய்யும்போது ‘அதே சென்ஸ்’ என்று ஒன்று கிடையாது. திரையின் எந்தப் புள்ளியில் பொருத்துகிறோம் என்பதுதான் கேள்வி. கிராஸ்ஹேரை ஒட்டிய நுண்ணிய அசைவு ஒன்றாக இருக்க வேண்டுமானால், ஜூமிலும் இயல்பிலும் உள்ள எஃப்ஓவி (திரையில் தெரியும் பார்வையின் அகலம்) கோணங்களின் பாதிக்கு டேன்ஜென்ட் எடுத்து வகுக்க வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக் அப்படிச் செய்வதில்லை, கோணத்தைக் கோணத்தால் வகுக்கிறது. ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியின் முதல் ஜூமில் எஃப்ஓவி 40 டிகிரி, இயல்பு 90. 40 ÷ 90 என்பது 0.444. டேன்ஜென்ட் கணக்கில் வர வேண்டியது 0.364. இரண்டையும் சமன் செய்ய ஜூம் சென்ஸ் விகிதத்தை 0.819 என்று வைக்கிறார்கள். ஆனால் இரண்டாம் ஜூம் 10 டிகிரி; அதற்குத் தேவை 0.787. விகிதப் பெட்டியோ ஒன்றுதான். ஒரு ஜூமைச் சரிசெய்தால் இன்னொன்று விலகும். பேட்டில்ஃபீல்ட் இதற்கு நல்ல வழி காட்டியது: பொருத்தும் புள்ளியையே ஓர் எண்ணாகக் கொடுத்தது. இயல்பு 133, 0 வைத்தால் கிராஸ்ஹேரில் பொருந்தும், 178 வைத்தால் 16:9 திரையின் ஓரத்தில். எல்லாக் கேமிலும் இது வர வேண்டும்.

கோட் எழுதுபவர்களிடம் தனியாகச் சில வார்த்தை. மவுஸ் நகர்வை டெல்டா டைமால் (ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம்) பெருக்காதீர்கள். ஒரு ஃபிரேமில் கை எவ்வளவு நகர்ந்ததோ அதுதான் மவுஸ் தருவது. அதில் நேரம் ஏற்கனவே அடங்கியிருக்கிறது. பெருக்கினால் 60 எஃப்பிஎஸ்-இல் (நொடிக்கு 60 ஃபிரேம்) 50 செ.மீ. இருந்த சுற்று 144-இல் 120 ஆகும். சண்டை சூடுபிடித்து எஃப்பிஎஸ் சரியும் நேரம் பார்த்து சென்ஸ் எகிறும். கேம் உருவாக்கப் பயன்படும் அன்ரியல் எஞ்சின் 4-இல் மவுஸ் ஸ்மூத்திங்கும் (அசைவை மென்மையாக்குவது) எஃப்ஓவி ஸ்கேலிங்கும் (எஃப்ஓவிக்கு ஏற்ப சென்ஸை மாற்றுவது) இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவதை விட்டுவைத்தால், எஃப்ஓவியை 90-இலிருந்து 103-க்கு மாற்றியவரின் 52 செ.மீ. சத்தமில்லாமல் 45 ஆகிவிடும். அவர் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். மவுஸை ரா இன்புட்டில் (விண்டோஸ் மாற்றாத நேரடி நகர்வு) படியுங்கள். இல்லையென்றால் விண்டோஸின் பாயின்டர் வேகமும் முடுக்கமும் உள்ளே புகுந்துவிடும். மேல்-கீழ் அசைவுக்கு வேறு பெருக்கி வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

செட்டிங்ஸ் திரையில் டிபிஐ கேட்டு ஒரு பெட்டி, சென்ஸுக்குப் பக்கத்தில் ‘முழுச் சுற்றுக்கு இத்தனை செ.மீ.’ என்று ஒரு வரி. இதுதான் எங்கள் விருப்பம். அடுத்த அப்டேட்டுக்குள் அது முடியாது என்றால், பேட்ச் குறிப்பில் ஒரே ஓர் எண்ணை எழுதிவிடுங்கள்: சென்ஸ் 1-இல் ஒரு கவுண்ட்டுக்கு எத்தனை டிகிரி. மிச்சத்தை நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழகிய கையோடு கேம் விட்டு கேம் போகும் விளையாட்டாளர்கள்