சிறு நோட்டு இல்லாததே காரணம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

மக்கள் விரும்பித்தான் கைபேசிப் பணத்துக்கு மாறினார்கள் என்பதை ஏற்க முடியவில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆனபோது, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 விழுக்காடு முடங்கியது. புதிய 2,000 ரூபாய் நோட்டின் அளவு சிறியது; அதற்கேற்ப ஏடிஎம்முக்குள் நோட்டு அடுக்கும் பெட்டிகளை ஒவ்வொரு இயந்திரமாகப் போய் மாற்ற வாரக்கணக்கில் ஆனது. வரிசையில் நின்று 2,000 நோட்டை வாங்கியவருக்கும் மீதி கொடுக்கக் கடைக்காரரிடம் 500 இல்லை, 100 போதவில்லை. அந்த இடைவெளியில்தான் பேடிஎம் ஸ்டிக்கர்கள் கடைகளில் ஏறின. டிசம்பர் 30 அன்று, கைபேசி வழியே பணம் அனுப்பும் பீம் செயலியும் வந்தது.

பிறகு ரொக்கம் பழைய அளவைத் தாண்டிப் பெருகிவிட்டது. சிறு நோட்டுத் தட்டுப்பாடு மட்டும் தீரவில்லை. ஏடிஎம்மில் 500 மட்டுமே வந்தால், 15 ரூபாய் டீக்கு க்யூஆர் ஸ்கேன் செய்யாமல் என்ன செய்வது? 2026 மார்ச் 31க்குள் 90 விழுக்காடு ஏடிஎம்களில் ஒரு பெட்டியிலாவது 100 அல்லது 200 ரூபாய் நோட்டுகள் இருக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. எந்த ஏடிஎம்மில் அவை கிடைக்கும் என்பதை வங்கிகள் ஏடிஎம் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

யுபிஐயில் நம் கணக்கில் பணம் கழிந்தும், அது கிடைத்ததற்கான உறுதிச் செய்தி கடைக்கு வராவிட்டால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 முதல் உள்ள இந்த விதியையும் வங்கிகள் ஏடிஎம் வாசலிலேயே ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை