அந்தப் படத்தை எடுத்துவிடு, ராசா

அன்புள்ள மகனுக்கு,

முள்ளியவளையில் இருந்து அம்மா எழுதுவது. போனில் சொன்னால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு கதைக்குப் போய்விடுவாய், அதனால் கொப்பியில் எழுதித் தங்கச்சியிடம் கொடுக்கிறேன், அவள் தட்டி அனுப்புவாள். எழுத்துப் பிழை இருந்தால் அது அவளுடையது.

நீ பேஸ்புக்கில் போட்ட படத்தைக் காட்டினாள். 2005இல், சண்டை நின்று வன்னிக்கு வருகிற ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், ஜெர்மனியில் இருந்து வந்த மாமா எடுத்தது. எங்கள் திண்ணையில் அவன் இருக்கிறான், மேலில் சட்டை இல்லை, மூக்கு ஒழுகுகிறது, மடியில் பிட்டுக் கோப்பை. பக்கத்தில் நீ, மாமா கொண்டுவந்த புதுச் சேட்டோடு. கீழே "எங்கட வீட்டுச் சாப்பாட்டில வளர்ந்த பொடியன், இண்டைக்கு உலகம் முழுக்கப் பாடுறான்" என்று எழுதியிருக்கிறாய். நிறையப் பேர் பார்த்துவிட்டார்களாம், இதயமெல்லாம் போட்டிருக்கிறார்களாம். அதை எடுத்துவிடு. காரணத்தைச் சொல்லத்தான் போகிறேன், ஆனால் வாசித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காதே, முதலில் எடுத்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

அவன் பெயரை நான் இதில் எழுதவில்லை. உனக்குத் தெரியும், அது போதும். ஊரில் இப்போது அந்தப் பெயரைச் சொல்லாத வாய் இல்லை, என்னுடையதாவது சும்மா இருக்கட்டும்.

போன மாதம் அவன் ஊருக்கு வந்த கதை உனக்குத் தெரியுமோ தெரியாது. மாங்குளம் சந்தியில் மாலை போட்டு, ஒட்டுசுட்டான் றோட்டால் மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் முன்னால் போக, பாண்ட் வாத்தியத்தோடு கூட்டிவந்தார்கள். வழியெல்லாம் பதாகை, அதில் அவன் முகத்தைவிடப் பதாகை அடித்தவரின் முகம் பெரிது. மேடையில் பொன்னாடைக்கு மேல் பொன்னாடை, வெயிலில் அந்தப் பிள்ளை வேர்த்து ஊத்திக்கொண்டு நின்றான். ஏறின ஒவ்வொருவரும் "இவன் வருவான் என்று எனக்கு அப்பவே தெரியும்" என்று சொன்னார்கள். சங்கீதப் பரீட்சைக்குக் கட்டக் காசில்லை என்று அவன் நின்றபோது "அப்ப வகுப்புக்கு ஏன் வாறாய்" என்று கேட்டு அனுப்பிய ஒருவரும் ஏறினார். அவர்தான் ஆகக் கூட நேரம் பேசினார்.

ஒருவருக்கும் தெரியாது மகன். எனக்கும் தெரியாது. அவன் மாங்காய் களவெடுக்கிற, எங்கள் மாட்டுக்குக் கல் எறிகிற, கூப்பிட்டால் திரும்பிப் பாராத ஒரு சின்னப் பொடியன், அவ்வளவுதான். குரல் என்று ஒன்று அந்த வீட்டில் இருந்தது உண்மை, ஆனால் அது முதலில் தகப்பனுடையது. பகலில் தச்சுவேலை, இரவில் கூத்து. 90களில் வன்னிக்குள் மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டுச் சிக்கன விளக்கு எரித்தோமே, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் டைனமோவில் றேடியோ கேட்டோமே, அந்த நாட்களிலும் விடியவிடியக் காத்தவராயன் கூத்து நடந்தது. நீயும் பாயைக் கொண்டுபோய் முன்னுக்கு விரிப்பாய், ஆனால் காத்தான் கழுமரம் ஏறும் முன்னம் நித்திரையாகிவிடுவாய். ஒலிபெருக்கி இல்லாமல் அந்த மனிசன் பாடினால் கடைசி வரிசைக்கும் கேட்கும்.

அந்தக் குரல் யாருக்கு வந்தது தெரியுமா? மகளுக்கு. இவனுடைய அக்காவுக்கு. சண்டை முடிந்து மீளக் குடியேறி வந்த பிறகு, வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல் நேரம், சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணியில் விளக்கு எரிகிற நாட்களில், ஒரு இரவு அந்தப் பெட்டை அம்மன் பாட்டுப் பாடினாள். கோயிலில் கச்சான் விற்றவர்கூட விற்கிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இவன் அவளுக்குப் பக்கத்தில் இருந்து தாளம் தட்டிக்கொண்டிருந்தான், அதுவும் பிழையாக. இன்றைக்கு அவள் விடியமுன்னம் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள், இரண்டு பிள்ளைகள், மனிசன் கடற்றொழில். அவளை ஒருவரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. பாட்டுச் சொல்லித்தந்தது அக்காதான் என்று அவன் ஒரு பேட்டியில் சொன்னான், அதைக் கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அவனுக்கு வந்த யோகம் வேறு மாதிரி. குரல் உடைந்த பிறகு கொஞ்ச நாள் பாடவே இல்லை. கிளிநொச்சியில் போன் திருத்துகிற கடையில் வேலைக்கு நின்றபோது, திருத்த வந்த போன்களில் சரியாகப் பதிகிறதா என்று பார்க்கத் தானே பாடிப் பதிவானாம், அப்படிப் பதிந்து பதிந்து தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தினானாம். யூடியூப், சென்னை, படம் எல்லாம் அதற்குப் பிறகு. அக்காவின் கையில் அந்த வயதில் போன் இல்லை, கைப்பிள்ளை இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன், தங்கச்சி ஒத்துக்கொள்ள மாட்டாள், அவனுக்குத் தனித் திறமை இருக்கு என்பாள். சரி, இருக்கட்டும்.

இப்போது உன் சாப்பாட்டுக் கதைக்கு வருகிறேன். அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டான், பொய் இல்லை. ஏன் சாப்பிட்டான்? அவன் தாய் எங்கள் வயலில் அரிவு வெட்டினாள், களை பிடுங்கினாள், நெல் அவித்தாள். கூலியில் ஒரு பங்கு காசு, ஒரு பங்கு சாப்பாடு, அது அப்பாவும் அவளும் பேசின பேச்சு. அந்தப் பிட்டு அவள் உழைத்த பிட்டு. அதை நீ தானம் என்று போட்டிருக்கிறாய்.

இதுகூடப் பெரிதில்லை. நீ 2006இல் வெளிக்கிட்டுப் போனாய், ஆவணியில் பாதை பூட்டினார்கள், அதற்குப் பிறகு நடந்தவற்றை உனக்கு நாங்கள் அரைகுறையாகத்தான் சொன்னோம், நீ தூர இருந்து என்ன செய்வாய் என்று. 2008 கடைசியில் சண்டை கிட்டவர வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். புதுக்குடியிருப்பு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன். சுதந்திரபுரத்தில் அவன் தகப்பன் போய்விட்டார், எங்கள் நெல்மூட்டைகளும் அங்கேதான் உழவு இயந்திரப் பெட்டியோடு எரிந்தன. மாத்தளன் மணலில் பங்கர் வெட்டினால் சரிந்துகொண்டே இருக்கும், கூறைச் சேலையைக்கூட வெட்டிப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினோம். அவர்களுடைய பங்கர் எங்களுக்குப் பக்கத்தில். அப்பாவுக்குக் காலில் காயம், தங்கச்சிக்கு வயிற்றோட்டம், பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை. அவன் தாய் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அரிசியை எடுத்துக் கஞ்சி காய்ச்சினாள். முதல் சிரட்டை தங்கச்சிக்கு. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பசியோடு பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அதில் ஒருவன்தான் நீ படம் போட்ட பொடியன்.

ஆகவே யார் வீட்டுச் சாப்பாட்டில் யார் வளர்ந்தது என்று எழுதுகிற உரிமை யாருக்காவது இருக்கென்றால் அது அவனுக்குத்தான். அவன் இதுவரை எங்கேயும் எழுதவில்லை, மேடையிலும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தால் படலையடியில் நின்று "மாமி, சுகமா இருக்கிறியளோ" என்று கேட்டுவிட்டுப் போகிறான். இப்போதும் மாமி என்றுதான்.

சித்திரையில் மாத்தளனால் வெளியே வந்த பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அங்கே நாங்கள் ஒரு வலயம், அவர்கள் இன்னொரு வலயம். கதிர்காமர், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன் என்று பெரிய மனிதர்களின் பெயர்களை அந்த முட்கம்பிக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெரிய மனிதர்களையும் மூக்கு ஒழுகின வயதில் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள்தானே, அவர்கள் இதைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தண்ணி வரிசையில் நிற்கும்போது நினைத்துச் சிரித்திருக்கிறேன். அப்போது சிரிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை.

நீ போட்ட படத்தை அவன் தாயும் பார்த்துவிட்டாள். யாரோ கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள், இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களே. என்னிடம் வந்தாள், தேத்தண்ணி குடித்தாள், மழை, நெல் விலை எல்லாம் கதைத்தாள். போகும்போதுதான் சொன்னாள், "அண்டைக்கு என்ர பிள்ளைக்குச் சட்டை இருந்ததக்கா, பிட்டுச் சிந்தி ஊத்தையாக்குவான் எண்டு நான்தான் கழட்டி வச்சனான்." வேறு ஒரு சொல் சொல்லவில்லை. நான் என்ன பதில் சொல்வது?

நீ கேட்பாய், ஊரான் ஒருவன் பெரிய ஆளாக வந்தால் எங்கட ஆள் என்று சொல்லக்கூடாதா என்று. தாராளமாகச் சொல்லலாம். 2023இல் எங்கள் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயதுக்கு மேல் பிலிப்பைன்ஸ் போய், மூத்தவர்களுக்கான போட்டியில் 1500 மீற்றர் ஓடித் தங்கப் பதக்கத்தோடு வந்தபோது முல்லைத்தீவு முழுக்க எங்கட அம்மா என்றுதான் சொன்னது, நானும் சொன்னேன், முழங்கால் வலியோடு சந்தைக்கு நடக்கும்போது அவரை நினைத்துக்கொண்டு இரண்டு எட்டு வேகமாகவும் வைத்தேன். அதில் சந்தோசம் மட்டும்தான் இருந்தது. நீ எழுதியதில் ஒரு கடன் கணக்கும் இருக்கிறது. நான் கொடுத்தேன், அவன் வாங்கினான், இப்போது பார் என்று. அதுதான் எனக்குக் குத்துகிறது.

இன்னொன்று. அவன் லண்டனுக்குப் பாட வருகிறானாம், உன் சிநேகிதன் நடத்துகிற நிகழ்ச்சிக்கும் காசு குறைத்து வருவானா என்று என்னைக் கேட்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். இங்கே சாமத்தியவீட்டுக்குப் பாடக் கேட்கிறவர்கள், கடை திறக்கக் கேட்கிறவர்கள், மகனுக்கு விசா எடுத்துத் தரக் கேட்கிறவர்கள் என்று அந்த வீட்டுப் படலை மூடுகிறதே இல்லை, எல்லோரும் "சின்னனில இருந்து தெரியும்" என்றுதான் தொடங்குகிறார்கள். நீ டிக்கெட் எடுத்துப் போ. மருமகளையும் பிள்ளைகளையும் கூட்டிப்போ, முன் வரிசைதான் வேண்டும் என்று நிற்காதே. அவன் உன்னைக் கண்டு கதைத்தால் கதை. காணாவிட்டால் பாட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வா, பாட்டு நல்லாகத்தான் பாடுவான், தாளமும் இப்போது பிழைக்கிறதில்லை.

மாமா எடுத்த அந்தப் படங்களில் இன்னொன்று இருக்க வேண்டும், தேடிப் பார். அந்த வருடக் கோயில் கூத்தில் அவன் தகப்பன் வேஷம் கட்டி, முகத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் நின்று வெற்றிலை போடுகிற படம். மாமாவிடம் கேள், அவர் ஒன்றையும் எறிகிற ஆள் இல்லை. அந்த வீட்டில் அந்த மனிசனின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, அடையாள அட்டையும் அவரோடு போய்விட்டது. கிடைத்தால் துப்புரவாக்கி, எங்கேயும் போடாமல், நேரே அவன் தாயின் போனுக்கு அனுப்பு. நம்பர் தங்கச்சியிடம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா