பொறுப்பை ஏற்றுக்கொண்டேன், அக்கா

அன்புள்ள அக்கா,

சரி என்று சொல்லிவிட்டேன். ஜனவரியிலிருந்து நம் பள்ளியின் மாணவர் நலத் துறைக்கு நான்தான் தலைவர். போனில் சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்க எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம்.

நீங்கள் எங்கள் முதல்வராக இருந்தபோது, பள்ளிக்கு வராத ஒரு பையனைத் தேடி நாம் போன அந்த வாடகை வீட்டு வாசலை மறக்க முடியவில்லை. அவன் யார், எந்த அடுக்குமாடி புளோக் என்று எழுதமாட்டேன். நம் வட்டாரத்துப் பெற்றோரும் இதைப் படிப்பார்கள். நான் எச்சரிக்கைக் கடிதத்தோடு வந்தேன். நீங்கள் பீஹூன் என்ற அரிசிச் சேமியாப் பொட்டலத்தோடு வந்தீர்கள். கதவைத் திறந்தவன் தொடக்கநிலை 3 படிக்கும் பிள்ளை, இடுப்பில் தங்கை. அம்மா இரவு வேலை முடிந்து அப்போதுதான் படுத்திருந்தார். ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. "அம்மா வர்ற வரைக்கும் பாப்பாவ யாரு பாத்துக்குவா?" என்றுதான் கேட்டீர்கள். அவன் தன்னையே காட்டினான். அம்மா வந்தபின் கிளம்பினால் தாமதம். தாமதமாக வருபவர்களை எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கவைப்போமே, அந்த வெட்கத்தில் வராமலே இருந்துவிட்டான்.

அதே வாரத்தில் கீழ்வீட்டு மலாய் அம்மாவிடம், நாம் மக்சிக் என்று கூப்பிடுபவரிடம், பேசி, தங்கையைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் அவர் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தீர்கள். நிற்கவைக்கும் விதியையும் எடுத்தீர்கள். பையன் வந்தான்.

சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தின் 6 மாதப் பயிற்சியை முடித்து முதல்வரானவர் நீங்கள். இதை அங்கே கற்றீர்களா, அதற்கு முன்பே தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கல்வி அமைச்சு கொண்டுவந்த மாற்றங்களை நான் மனமார வரவேற்கிறேன். 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் மதிப்பெண் முறை மாறியது, 2023இல் அரையாண்டுத் தேர்வு எந்த வகுப்புக்கும் இல்லை என்றானது. பிள்ளைகள் மூச்சுவிடுகிறார்கள். ஆனால் ஒரு மக்சிக்கைத் தேடிப் பிடிப்பது அந்தந்தப் பள்ளியில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது.

அப்படிப்பட்டவர் மாற்றலாகிப் போனால்?

முதல்வர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதன் நியாயம் புரிகிறது. திறமையானவர்கள் பேர்பெற்ற பள்ளிகளிலேயே தங்கிவிடக்கூடாது. நீங்கள் எங்களிடம் வந்ததே அப்படித்தான். ஆனால் போகும்போது கோப்புகளை ஒப்படைத்தீர்கள், மனிதர்களை ஒப்படைக்கவில்லை. மக்சிக்கின் எண் உங்கள் கைப்பேசியோடு போய்விட்டது. தாமத விதி திரும்பி வந்தது. அடுத்து வந்தவரைக் குறைசொல்லவில்லை. அந்த விதி ஏன் எடுக்கப்பட்டது என்று அவரிடம் சொல்ல ஒரு தாள்கூட இல்லை.

உங்கள் பணி ஓய்வு விருந்துக்கு நான் வரவில்லை. மன்னித்துவிடுங்கள். வந்திருந்தாலும், மேடையில் எல்லாரும் உங்களைப் புகழ்வதை அன்று என்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிந்திருக்காது. என் மகள் பிறந்தபோது, முதல்வர் அறையை விட்டு என் தமிழ் வகுப்பில் வந்து நின்று பாடம் எடுத்தவர் நீங்கள். அதனால்தான் கோபமும் இவ்வளவு.

"நீ அன்னைக்கே இந்தப் பொறுப்புக்கு வந்திருந்தா எல்லாம் உன்கிட்ட இருந்திருக்குமே" என்பீர்கள். நான் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவள், அக்கா. வகுப்பு நேரம் குறையும் என்பதால்தான் மறுத்தேன். இப்போதும் அது எனக்கு வலிக்கிறது. எழுதிவைக்க வேண்டியது முதல்வரின் கடமை. அதற்கு நான் பதவி ஏற்றிருக்க வேண்டியதில்லை.

டிசம்பர் விடுமுறையில் ஒரு மாலை ஒதுக்குங்கள். எந்த புளோக்கில் யாரிடம் கேட்கவேண்டும், குடும்பச் சேவை நிலையத்தில் யார் போனை எடுப்பார், எந்த உணவுக் கடைக்காரர் பிள்ளையின் முகம் பார்த்தே தட்டை நீட்டுவார், எல்லாம் சொல்லுங்கள். அவரவர் சம்மதத்தைக் கேட்டுவிட்டு, எழுதிப் பள்ளியில் வைக்கப்போகிறேன். நானும் மாற்றலாகிப் போகிறவள்தான். மக்சிக் இன்னும் அதே வீட்டில் இருக்கிறாரா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுச் சொல்லுங்கள். முதல் வாரமே அவரைப் போய்ப் பார்க்கவேண்டும்.